தபால் சுமந்தவர் தொடங்கிய வெண்ணெய்க் கடை... குன்னூரில் பிறந்த 'நீல்கிரிஸ்' கதை!

சொந்தமா ஒரு மளிகைக் கடை போடணும்னு ஆசை இருக்கா? அப்படின்னா, லைசென்ஸுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு போன்ல தேடுறதுக்கு முன்னாடி, ஒருத்தரைப் பற்றித் தெரிஞ்சுக்கோங்க. அவர் பெயர் முத்துசாமி முதலியார். பெயர் புதுசா இருக்கலாம். ஆனா, அவர் தொடங்கிய கடையின் பெயர் உங்களுக்குக் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்: 'நீல்கிரிஸ்'. பெயர்ப்பலகையில் '1905'னு ஒரு வருஷம் போட்டிருப்பாங்களே, அந்த வருஷத்தில்தான் கதை ஆரம்பிக்குது.

மலை ஏறிய தபால்

முத்துசாமி முதலியார் பெரிய வியாபாரி இல்லை. ஆங்கிலேயர்களுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவர் வேலை. கோயம்புத்தூரிலிருந்து நீலகிரி மலை ஊர்களுக்குக் கடிதங்களையும் காசோலைகளையும் சுமந்து செல்வார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. காசோலையை ஒருவர் கையில் கொடுத்து அனுப்பணும்னா, அவர் மேல எவ்வளவு நம்பிக்கை இருக்கணும்! கடை வைக்கிறதுக்கு முன்னாடியே அவர் சம்பாதிச்சிருந்த முதல் அதுதான். எந்த வீட்டில் யார் இருக்காங்க, மலை மேல யாருக்கு என்ன தேவைன்னு தெரிஞ்சுக்கிற வாய்ப்பும் அந்த வேலையிலேயே இருந்தது.

ஏன் குன்னூர்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899-ல். ஊட்டி வரைக்கும் அது நீண்டது 1908-ல்தான். அதாவது, 1905-ல் ரயிலுக்குக் கடைசி ஸ்டேஷன் குன்னூர். ஊட்டிக்குப் போறவங்களும் அங்கேதான் இறங்கி, வண்டி மாறிப் போகணும். பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவ முகாம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், தோட்டத்துரைகளின் பங்களாக்கள். கோடைக்காலத்தில் மெட்ராஸ் அரசாங்கமே ஊட்டிக்கு இடம் மாறிடும். இந்த வீடுகளில் எல்லாம் காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் வெண்ணெயும் வேணும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத காலம் அது. சமவெளி வெயிலில் வெண்ணெய் உருகி ஓடிடும். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல இருக்கிற குன்னூரின் குளிரே இந்த வியாபாரத்துக்குப் பாதி கூட்டாளி!

வெண்ணெய் வியாபாரம் செய்துவந்த ஓர் ஆங்கிலேயரிடமிருந்து அந்தத் தொழிலை முத்துசாமி முதலியார் வாங்கினார். 1905-ல் குன்னூர் வண்ணாரப்பேட்டை அருகே சின்னதாக ஒரு கடை போட்டார். யோசிச்சுப் பாருங்க... மாசச் சம்பளத்தை விட்டுட்டு, சீக்கிரம் விற்காம போனா கெட்டுப்போற ஒரு பொருளில் காசைப் போடுறது எவ்வளவு பெரிய ரிஸ்க்!

அன்னிக்கு வாடிக்கையாளரே இன்ஸ்பெக்டர்

மெட்ராஸ் மாகாணத்தில் உணவுக் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்ததே 1918-ல்தான். 1905-ல் வெண்ணெயில் கொழுப்பு எவ்வளவுன்னு பார்க்க இன்னிக்கு இருக்கிற மாதிரி ஓர் உணவுப் பாதுகாப்புத் துறை கிடையாது. ஆனா, நாற்றம் வந்த வெண்ணெயை ஒருமுறை கொடுத்துட்டா, அடுத்த நாள் அந்த பங்களாவின் கதவு திறக்காது. சின்ன ஊர். வாடிக்கையாளர்கள் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. பேர் கெட்டா மொத்தமும் போச்சு.

இப்போ உங்க கடைக்கு வருவோம். அன்னிக்கு வாடிக்கையாளரின் நாக்கு பார்த்த வேலையை இன்னிக்கு சட்டம் பார்க்குது.

* உணவுப் பொருள் விற்க, 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ கட்டாயம். சின்னக் கடைக்குப் பதிவு, பெரிய வியாபாரத்துக்கு உரிமம். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டணும்.

* நகராட்சியிடம் தொழில் உரிமம் வாங்கணும். வாடகைக் கடைன்னா ஒப்பந்தத்தைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

* தராசுக்கும் எடைக்கற்களுக்கும் தொழிலாளர் துறையின் முத்திரை வேணும். அதைக் காலாகாலத்தில் புதுப்பிக்கவும் வேணும்.

* பொருள் மட்டுமே விற்கும் கடை என்றால், தமிழ்நாட்டில் பொதுவாக ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம்.

* குன்னூரிலேயே கடைன்னா, பிளாஸ்டிக் பைக்கு 'நோ'. மாநிலம் முழுக்க 2019-ல் தடை வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே நீலகிரியில் கட்டுப்பாடு வந்தாச்சு.

பட்டியலைப் பார்த்து மலைச்சுப் போகாதீங்க. அலைச்சல் உண்டுதான். ஆனா, முத்துசாமி முதலியார் வருஷக்கணக்கில் மலை ஏறி இறங்கிச் சம்பாதித்த நம்பிக்கையில் ஒரு பங்கை, முகம் தெரியாத வாடிக்கையாளரிடம் முதல் நாளே உங்களுக்கு வாங்கித் தருவது இந்தக் காகிதங்கள்தான்.

மலை இறங்கிய கடை

கடை குன்னூரோடு நிற்கவில்லை. அவருடைய மகன் சென்னியப்பன் காலத்தில், 1936-ல், பெங்களூரு பிரிகேட் ரோட்டுக்கு இறங்கி வந்தது. வெளிநாடுகளில் கடைகள் நடக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்த சென்னியப்பன், பால், வெண்ணெய், ரொட்டி விற்ற இடத்தை சூப்பர் மார்க்கெட்டாக மாற்றினார். இந்தியாவின் மிகப் பழைய சூப்பர் மார்க்கெட்களில் ஒன்றாக 'நீல்கிரிஸ்' பெயர் வாங்கியது அப்படித்தான்.

2008-ல் பெரும்பான்மைப் பங்குகள் 'ஆக்டிஸ்' என்ற முதலீட்டு நிறுவனத்திடம் போயின. 2014-ல் ஃப்யூச்சர் குழுமம் வாங்கியது. நூறு வருஷம் தாண்டிய குடும்பக் கடை கை மாறியதில் கொஞ்சம் வருத்தம் வரத்தான் செய்யும். ஆனா, வாங்கியவர்கள் யாரும் அந்தப் பெயரைத் தூக்கிப் போடலை. கட்டடம், சரக்கு, அலமாரி எல்லாம் எங்கேயும் வாங்கலாம். அவங்க காசு கொடுத்து வாங்கியதில் பெரும் பங்கு, தபால் பையோடு நடந்த ஒருத்தர் மலையில் சேர்த்துவெச்ச பேர்.

அடுத்த முறை மலை ரயிலில் குன்னூர் ஸ்டேஷனில் இறங்கினா, ஒரு நிமிஷம் அவரை நினைச்சுக்கோங்க. அப்புறம் ஊருக்கு வந்து, உங்க கடைக்கான விண்ணப்பத்தைப் போட்டுடுங்க!