விடாமல் பார்த்த லோசெவ்

மேக்ஸ் 7219 சிப் ஒண்ணு இருந்தா, மூணே சிக்னல் வயரில் 64 எல்இடியை ஆர்டுயினோவோட இணைச்சிடலாம். அந்த எல்இடிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஓலெக் லோசெவ்.

1903-ல் ரஷ்யாவின் த்வெர் நகரில் பிறந்தார். காலேஜ் பட்டம் இல்லாததால், நிஷ்னி நோவ்கோரோட் ரேடியோ ஆய்வகத்தில் எடுபிடி வேலையில்தான் சேர்ந்தார். கார்போரண்டம் படிகத்தில் கரண்ட் பாயும்போது ஒரு புள்ளி மின்னுவதை அவர் கவனித்தார். 1907-லேயே ரவுண்ட் என்ற ஆங்கிலேயர் இதைப் பார்த்து, சின்னக் குறிப்பு எழுதியதோடு விட்டுவிட்டார். லோசெவ் விடலை. சூட்டினால் வரும் ஒளியா என்று பார்க்க, அந்த இடத்தில் ஒரு சொட்டு பென்சீன் விட்டார். அது சட்டென்று ஆவியாகலை. அப்போ இது சூடில்லாத வெளிச்சம்!

இந்த ஒளியை ரொம்ப வேகமா ஆன்-ஆஃப் பண்ணலாம் என்பதால், தந்தி, டெலிபோன் சிக்னலை ஒளியாக்கும் 'லைட் ரிலே'வுக்கு 1927-ல் காப்புரிமை கேட்டார். இன்றைய ஆப்டோகப்ளருக்கு நெருங்கிய யோசனை அது.

1938-ல்தான், ஆய்வேடு கேட்காமலே அவருக்கு ஆய்வுப் பட்டம் கொடுத்தார்கள். 1942 ஜனவரியில், ஜெர்மன் படை முற்றுகையிட்ட லெனின்கிராடில் பட்டினியால் இறந்தார். வயசு 38.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை ஹோலோன்யாக் செய்து காட்டியது 1962-ல். லோசெவ் உயிரோடு இருந்திருந்தால் அப்போது அவருக்கு அறுபதுகூட ஆகியிருக்காது.