அருண் கேத்தர்பால்: 21 வயதில் போர்க்களத்தில் மகன்... 30 ஆண்டுகள் கழித்து எதிரி அதிகாரியின் வீட்டில் அப்பா! நிஜத்தில் நடந்தது என்ன?

'இக்கீஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கும் சரி, படம் பார்க்காமல் ரீல்ஸ் மட்டும் பார்த்தவர்களுக்கும் சரி, வருகிற கேள்வி ஒன்றுதான். போரில் மகனைப் பறிகொடுத்த ஒரு இந்திய பிரிகேடியர், பாகிஸ்தானுக்குப் போய், மகனின் டேங்கைச் சுட்ட அதிகாரியின் வீட்டிலேயே தங்கினாரா? இல்ல, இது சினிமாவுக்காகச் சேர்த்ததா?

தங்கினார். தர்மேந்திரா தன் கடைசிப் படத்தில் நடித்த அந்த அப்பா கற்பனைப் பாத்திரம் இல்லை. அவர் பிரிகேடியர் எம்.எல்.கேத்தர்பால். இந்தியில் இக்கீஸ் என்றால் 21. அந்த வயதில் இறந்த மகன், செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால்.

அருணின் பெயரைத் தேடினால் நான்கு டேங்க், பரம்வீர் சக்ரா என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனா இந்தக் குடும்பத்தோட கதை அருணிடம் தொடங்கவும் இல்லை, அவரோடு முடியவும் இல்லை.

நான்கு தலைமுறை, மூன்று ராணுவம்

அருணின் கொள்ளுத்தாத்தா சீக்கியர்களின் கால்சா படையில் இருந்தவர். 1849-ல் சில்லியான்வாலாவில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர். அடுத்து தாத்தா. அவர் முதல் உலகப் போரில் அதே ஆங்கிலேயரின் ராணுவத்தில் பணியாற்றினார். அப்பா எம்.எல்.கேத்தர்பால், ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவில் அதிகாரி. ஆங்கிலேயர் காலத்தில் சீருடை போட்டவர், சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்தில் தொடர்ந்தார்.

குடும்பத்தின் சொந்த ஊர் சர்கோதா. இன்றைக்கு அது பாகிஸ்தானின் பஞ்சாபில் இருக்கிறது. 1947 பிரிவினையில் வீடு அந்தப் பக்கம், குடும்பம் இந்தப் பக்கம். அதிலிருந்து மூன்று வருஷம் கழித்து, 1950 அக்டோபர் 14-ல் புனேவில் பிறந்தவர்தான் அருண். விட்டு வந்த வீட்டை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

சனாவரில் உள்ள லாரன்ஸ் பள்ளியில் படிப்பு. நீச்சல், சாக்ஸபோன் என்று எல்லாவற்றிலும் கை வைக்கிற பையன். 1967-ல் தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்தார். பிறகு டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி. 1971 ஜூன் 13-ல் பூனா ஹார்ஸ் என்கிற 17-வது குதிரைப்படைப் பிரிவில் அதிகாரியாகப் பொறுப்பேற்றார்.

பெயர்தான் குதிரைப்படை, நிஜத்தில் அது டேங்க் படை. அதற்கு முந்தைய 1965 போரில் அந்தப் பிரிவின் கமாண்டராக இருந்த லெப்டினன்ட் கர்னல் ஏ.பி.தாராபூர் போர்க்களத்தில் உயிரிழந்து, பரம்வீர் சக்ரா பெற்றவர். ஆக, அருண் சேர்ந்த இடத்திலும் சொல்வதற்கு ஒரு பெரிய கதை ஏற்கெனவே இருந்தது.

போருக்கு எடுத்துப் போன கோல்ஃப் மட்டை

1971 டிசம்பர் 3-ல் போர் வெடித்தபோது அருண், அகமதுநகரில் (இன்றைய அகில்யாநகர்) இளம் அதிகாரிகளுக்கான டேங்க் பயிற்சியில் இருந்தார். பயிற்சியைப் பாதியில் நிறுத்தி எல்லோரையும் அவரவர் படைப்பிரிவுக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் டெல்லியில் வீட்டுக்கு ஒரு எட்டு வந்தார்.

அந்தச் சந்திப்பைப் பற்றி குடும்பத்தினர் பின்னாளில் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, பெட்டியில் அவர் கோல்ஃப் மட்டைகளையும் விருந்துக்குப் போடுகிற சீருடையையும் எடுத்து வைத்துக்கொண்டார். எதுக்கு என்று கேட்டதற்கு, லாகூரில் கோல்ஃப் விளையாடப் போவதாகவும், ஜெயித்த பிறகு விருந்து நடக்குமே என்றும் பதில் சொல்லியிருக்கிறார். 21 வயசுப் பையன் வேறு எப்படிப் பேசுவான்?

இன்னொன்று அம்மா சொன்னது. தாத்தாவும் அப்பாவும் போரிட்டதை நினைவுபடுத்தி, புலி மாதிரி சண்டை போடணும், கோழையாகத் திரும்பி வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினாராம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் பெருமையோடு சுற்றுவது இதுதான். ஆனா இதைச் சொன்ன ஒரு தாய், அதன் பிறகு எத்தனை ராத்திரி இதை நினைத்துப் பார்த்திருப்பார் என்பதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

பசந்தர் ஆற்றங்கரையில் என்ன நடந்தது?

1971 போர் என்றாலே நமக்கு வங்கதேசம்தான் ஞாபகம் வரும். அருண் இருந்தது மேற்கு எல்லையில். பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதி, ஜம்முவுக்கும் பதான்கோட்டுக்கும் இடையே மூக்கு மாதிரி இந்தியப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து பாகிஸ்தான் படை முன்னேறினால் ஜம்மு காஷ்மீருக்குப் போகிற சாலையையே துண்டித்துவிட முடியும். அதனால் இந்தியப் படை முந்திக்கொண்டு உள்ளே போனது. குறுக்கே ஓடியது ராவியின் கிளையாறான பசந்தர்.

டிசம்பர் 15 இரவு, காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம் பிடித்துவிட்டது. டேங்குகள் பின்னால் போய்ச் சேர வேண்டும். நடுவில் நிலம் பூரா கண்ணிவெடி. பொறியாளர் படையினர் இருட்டில் ஒவ்வொன்றாக அகற்றிப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அதற்குள் அக்கரையிலிருந்து தகவல்: எதிரி டேங்குகள் நடமாடுகிற மாதிரி தெரிகிறது. விடிகிற வரை காத்திருந்தால் அங்கே இருக்கிற காலாட்படை நசுங்கிவிடும். பூனா ஹார்ஸ் டேங்குகள், அகற்றி முடிக்காத கண்ணிவெடிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டே போய் அக்கரை சேர்ந்தன. முடிவெடுத்தவர் அப்போதைய கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் ஹனுத் சிங்.

டிசம்பர் 16, காலை 8 மணி. ஜர்பால் பகுதியில் புகைத்திரைக்குப் பின்னால் பாகிஸ்தானின் பேட்டன் டேங்குகள் திரண்டு வந்தன. எதிரில் நின்ற இந்திய டேங்குகளின் எண்ணிக்கை குறைவு. உடனே ஆள் அனுப்பச் சொல்லி வயர்லெஸ்ஸில் அழைப்பு வந்தது. பக்கத்துப் பிரிவில் இருந்த அருண், தன் செஞ்சூரியன் டேங்கை அந்தப் பக்கம் திருப்பினார். போகிற வழியிலேயே எதிரியின் பீரங்கி நிலைகள் சுட்டன. ஒதுங்கிப் போகாமல் நேராக அவற்றின் மேலேயே டேங்கை ஏற்றி, அங்கிருந்த வீரர்களைச் சிறைபிடித்த பிறகுதான் முன்னேறினார். அந்தத் தாக்குதலில் உடன் வந்த ஒரு டேங்க் கமாண்டர் உயிரிழந்தார்.

அடுத்து நடந்தது நேருக்கு நேர் டேங்க் சண்டை. இந்தப் பக்கம் கேப்டன் மல்ஹோத்ரா, லெப்டினன்ட் அலாவத், அருண். மூன்றே டேங்க். எதிரியின் 10 டேங்குகள் வீழ்ந்தன, அதில் நான்கு அருண் கணக்கில். ஆனால் அலாவத்தின் டேங்க் அடிபட்டது. மல்ஹோத்ராவின் டேங்கில் பீரங்கி வேலை செய்யவில்லை. கடைசியில் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு நின்றது ஒரே டேங்க்.

அந்த டேங்குக்கு ஒரு பெயர் இருந்தது. ஃபமகுஸ்டா. சைப்ரஸில் உள்ள ஒரு துறைமுக ஊரின் பெயர்.

ஃபமகுஸ்டாவிலும் குண்டு விழுந்து தீப்பிடித்தது. அருணுக்குப் பலத்த காயம். டேங்கை விட்டு இறங்கச் சொல்லி மேலதிகாரி வயர்லெஸ்ஸில் உத்தரவிட்டார். தன் பீரங்கி இன்னும் சுடுகிறது, அதனால் டேங்கை விட்டு வரமாட்டேன் என்று பதில் சொன்ன அருண், வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டார். உத்தரவு காதில் விழுந்தால் கீழ்ப்படியணும். விழாவிட்டால்? ராணுவ ஒழுங்குப்படி இது சரியா தப்பா என்று விவாதிக்கலாம்தான். ஆனால் அவர் விலகியிருந்தால் அந்த வழியாக எதிரி டேங்குகள் உள்ளே வந்திருக்கும். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை.

இரண்டாவது குண்டில் அருண் உயிரிழந்தார். உடனிருந்த வயர்லெஸ் வீரர் நந்த் சிங்கும் இறந்தார். கன்னரும் டிரைவரும் காயங்களோடு தப்பினார்கள். அருண் அதிகாரியாகி அன்றைக்கு சரியாக ஆறு மாதமும் மூன்று நாளும்.

அதே நாள் மாலை டாக்காவில் பாகிஸ்தானின் கிழக்குப் படை சரணடைந்தது. மறுநாள் மேற்கிலும் போர் நின்றது.

மோட்டார் சைக்கிள் தயாராக இருந்தது

இந்தக் கதையில் தாங்க முடியாத பகுதி போர்க்களத்தில் இல்லை, டெல்லி வீட்டில் இருக்கிறது. போர் முடிந்த செய்தி ரேடியோவில் வந்ததும் நாடே கொண்டாடியது. அந்த வீட்டிலும்தான். மகன் வரப்போகிறான் என்று அம்மா அவருடைய அறையைச் சுத்தம் செய்தார். அருணின் மோட்டார் சைக்கிளைக்கூட சர்வீஸ் பண்ணி வைத்திருந்தார்கள் என்று பின்னாளில் குடும்பத்தினர் சொன்னார்கள்.

அருணின் உடலும் டேங்கும் பாகிஸ்தான் படையின் கைக்குப் போய், பிறகுதான் திரும்பக் கிடைத்தன. டிசம்பர் 17-ல் ஜம்முவின் சாம்பா அருகே இறுதிச்சடங்கே முடிந்துவிட்டது. அப்போதும் வீட்டுக்குத் தெரியாது. தந்தி வர மேலும் சில நாட்கள் ஆயின. அதன் பிறகு வந்து சேர்ந்தது அஸ்திதான். இன்றைக்கு எல்லையில் நடப்பது அடுத்த நிமிஷம் நம்ம செல்போனில் நோட்டிஃபிகேஷனாக வந்துவிடுகிறது. அந்தச் சில நாட்களை நம்மால் கற்பனைகூடச் செய்ய முடியாது.

அருணுக்கு பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அதுவரை அந்த விருதைப் பெற்றவர்களில் இவர்தான் வயதில் இளையவர். 1999 கார்கில் போரில் 19 வயது யோகேந்திர சிங் யாதவ் பெறும் வரை அந்த நிலை மாறவில்லை. அதே பசந்தர் போருக்காக மேஜர் ஹோஷியார் சிங்கும் பரம்வீர் சக்ரா பெற்றார். 1971 போருக்காக அந்த விருதைப் பெற்ற நால்வரில் உயிரோடு வாங்கியவர் அவர் ஒருவரே.

தேசிய பாதுகாப்பு அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு இன்று கேத்தர்பால் பெயர்தான். 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர் வைத்தார்கள். ஃபமகுஸ்டா டேங்க் சீரமைக்கப்பட்டு, அருணின் பயிற்சி பாதியில் நின்றுபோன அதே அகமதுநகரில் நிற்கிறது.

லாகூரில் அந்த மூன்றாவது இரவு

2001. பிரிகேடியர் கேத்தர்பாலுக்கு 81 வயது. சாவதற்குள் சர்கோதாவில் பிறந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. விசா கிடைத்தது. லாகூரில் அவரை வரவேற்றுத் தங்கவைத்தவர், பாகிஸ்தான் ராணுவத்தில் ஓய்வுபெற்ற பிரிகேடியர் குவாஜா முகமது நாசர்.

மூன்று நாட்கள் நாசர் குடும்பம் விழுந்து விழுந்து கவனித்தது. பெரியவர் சர்கோதா போய்வந்தார். வீட்டில் எல்லோரும் காட்டிய மரியாதை கொஞ்சம் கூடுதலாகவே இருந்ததை அவரும் கவனித்திருக்கிறார். காரணம்தான் புரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டத்தில் இருவரும் தனியாக உட்கார்ந்தபோது நாசர் அதைச் சொன்னார். 1971 டிசம்பர் 16 காலையில் 13-வது லான்சர்ஸ் பிரிவின் மேஜராக அந்தக் களத்தில் இருந்தது தான்தான் என்றார். இரண்டு டேங்குகளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒன்றையொன்று சுட்டன, தான் பிழைத்துக்கொண்டதாகவும், அருண் தன் கையால் இறந்ததாகவும் சொன்னார். எதிரில் நின்றவர் எவ்வளவு சின்னப் பையன் என்பது போர் முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்ததாம்.

யாருடைய குண்டு யாரைத் தாக்கியது என்பதை டேங்க் போரில் உறுதியாகச் சொல்வது கஷ்டம். இந்திய அரசின் விருதுக் குறிப்பில் எதிரி அதிகாரி யார் என்ற விவரமெல்லாம் கிடையாது. இது நாசரின் நினைவு, அவ்வளவுதான். ஆனாலும் யோசித்துப் பாருங்க. அவர் சொல்லாமலேயே விட்டிருக்கலாம். 30 வருஷம் கழித்து, தன் வீட்டுக்கு வந்த 81 வயது விருந்தாளியிடம் இதைச் சொல்லணும்னு அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பெரியவர் எழுந்து போய்விடவில்லை. கோபப்படவும் இல்லை. இரண்டு பேரும் அவரவர் நாட்டுக்கான கடமையைத்தான் செய்தார்கள் என்பதை அவரும் ஒரு சிப்பாயாக ஏற்றுக்கொண்டார். அன்றிரவும் அதே வீட்டில்தான் படுத்தார்.

மறுநாள் இருவரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் டெல்லி திரும்பினார். கொஞ்ச நாளில் அந்தப் போட்டோ தபாலில் வந்து சேர்ந்தது. கூடவே நாசர் எழுதிய சில வரிகள். 13-வது லான்சர்ஸின் எதிர்த்தாக்குதலுக்கு முன்னால் பாறை போல நின்றவர் என்று அருணைக் குறிப்பிட்டு, அவருடைய தந்தைக்கு மரியாதையோடு அனுப்புவதாக எழுதியிருந்தார்.