அகராதி தந்த ஜான்சன்

1709-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிச்பீல்டு நகரில், புத்தக வணிகர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர் சாமுவேல் ஜான்சன். அவருடைய தலையும் கையும் அவரைக் கேளாமலே ஆடும். வாயில் பொருளற்ற ஒலிகள் எழும். முகம் கோணுவதைக் கண்டு பிள்ளைகளும் கெடுவர் என்று அஞ்சி, 1735-இல் ஒரு பள்ளி அவருக்கு வேலை தர மறுத்தது. வறுமையோடு இலண்டன் சென்றவர், 1755-இல் 42,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட ஆங்கில அகராதியை வெளியிட்டார்.

அசையாதிருக்கச் சொன்னால் ஜான்சன் அசையாமல் இருப்பார். ஆகவே இது வெறும் பழக்கமே என்று எண்ணினார் அவர் நண்பரான ஓவியர் ரெனால்ட்ஸ். 1885-இல் தூரெத் என்னும் பிரெஞ்சு மருத்துவர் விவரித்த நோயே அவருக்கு இருந்தது என்று இன்று மருத்துவர் பலர் கருதுகின்றனர். தும்மலை அடக்குவதுபோல் அந்த அசைவையும் சிறிது நேரம் அடக்கலாம். உள்ளே உந்துதல் பெருகிக்கொண்டே இருக்கும்.

எனக்கும் கண்ணும் கழுத்தும் அவ்வாறே துடிக்கும். இங்கே ஐதராபாத்தில், கருத்தரங்கில் அரைமணி நேரம் அடக்கிவிட்டு, அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். அப்போது முடிந்தது எப்போதும் ஏன் முடியாது என்று கேட்கும் நண்பர்களே, ஜான்சனை நினையுங்கள். 1784-இல் மறையும்வரை அவர் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.