மதனப்பள்ளியில் ஓர் அயர்லாந்து அம்மையார்

பிறந்த மண்ணை விட்டு வந்து, உழைத்த மண்ணையே தம் மண்ணாகக் கொண்டு மறைந்த பெருமக்கள் சிலரே. அவருள் ஒருவர் மார்கரெட் கசின்ஸ் அம்மையார். நம் சங்க மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு நண்பர்கள் கேட்டபோது, அவர் நினைவே எனக்கு முதலில் எழுந்தது. அதற்குக் காரணம் உண்டு.

என் ஊர் வெதுருகுப்பம். சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவன் நான். என் தந்தையார் மறைந்த பிறகு, நிலக்கடலைப் பயிருக்குக் கடன் கேட்டு என் அன்னையார் ஒரு வங்கிக்குச் சென்றார். நானும் உடன் சென்றேன். ஆண்டு பலவாக அந்நிலத்தில் விதைத்ததும் களை பறித்ததும் அவருடைய கைகள். பட்டாவில் இருந்ததோ தந்தையாரின் பெயர். பெயரை மாற்றிக்கொண்டு வருமாறு சொல்லி அனுப்பிவிட்டார்கள். உறவினரெல்லாம் பட்டாவை என் பெயருக்கு மாற்றிவிடுவதே முறை என்றனர். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் என் நெஞ்சில் தைத்திருந்த நாட்களில்தான் கசின்ஸ் அம்மையாரைப் பற்றிப் படித்தேன்.

அவர் அயர்லாந்தில் பாயில் என்னும் ஊரில் 1878-ஆம் ஆண்டு பிறந்தார். டப்ளினில் இசை பயின்று பட்டம் பெற்றார். 1903-இல் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸை மணந்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று போராடுவதற்காக 1908-இல் தோழியருடன் ஒரு கழகம் கண்டார். கிளர்ச்சியில் ஈடுபட்டு, லண்டனிலும் அயர்லாந்திலும் சிறை புகுந்தார். பட்டினி கிடந்தும் போராடினார்.

1915-இல் கணவரும் மனைவியும் இந்தியாவுக்கு வந்தனர். அன்னி பெசன்ட் அம்மையாரின் தொடர்பால் மதனப்பள்ளிக் கல்லூரியில் பணி ஏற்றனர். மதனப்பள்ளி அந்நாளில் சித்தூர் மாவட்டத்து ஊர். சித்தூரோ சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1919-இல் தாகூர் அங்கு வந்து தங்கியபோது, இன்று நாட்டுப் பண்ணாக விளங்கும் பாடலுக்கு இசைக் குறிப்பு எழுதியவர் கசின்ஸ் அம்மையாரே. இதைப் பலர் அறிவர். அதைவிடப் பெரிய செயல் ஒன்றும் அவ்வூரில் தொடங்கிற்று. அதை அறிந்தோர் சிலரே.

மதனப்பள்ளிப் பெண்கள் சிலர் கூடி ஒரு சிறு மாதர் சமாஜம் நடத்தினர். அதைக் கண்ட அம்மையாருக்கு, ஊர்தோறும் இத்தகைய சங்கம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. டாரதி ஜினராஜதாசா முதலியோருடன் சேர்ந்து, 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தார். பெசன்ட் அம்மையார் அதன் தலைவர் ஆனார்.

அவ்வாண்டு இறுதியில் இந்திய மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். பெண் கல்வி பற்றி அவரிடம் முறையிட அம்மையார் அனுமதி கேட்டார். அரசியல் கோரிக்கையாயின் மட்டுமே செவிசாய்க்கப்படும் என்று விடை வந்தது. பிறராயின் சோர்ந்திருப்பர், அவரோ வாக்குரிமையையே கோரிக்கையாக்கினார். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்களின் தூதுக்குழு மாண்டேகுவைக் கண்டது. ஆயினும் 1919-ஆம் ஆண்டுச் சட்டம் முடிவை மாகாணச் சபைகளிடமே விட்டது. மாதர் சங்கம் ஓயாது உழைத்தது. 1921-இல் சென்னைச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிற்று.

ஆனால் அவ்வுரிமை சொத்தும் வரியும் உடையோர்க்கே உரியது. நிலம் இல்லாத ஆண்களுக்கும் அது இல்லை. ஆயின் பெண்களில் நிலம் உடையவர் எத்தனை பேர்? வாக்குக்கு வழி திறந்தது. அவ்வழியில் செல்லப் பெண்ணின் கையில் பட்டா இல்லை. ஆகவே கல்வி, திருமண வயது, சொத்துரிமை என்று அடுத்தடுத்துப் போராட வேண்டியதாயிற்று. அம்மையாரின் முயற்சியால் 1927-இல் பூனாவில் கூடிய அகில இந்திய மாதர் மாநாடு அப்பணியை ஏற்றது.

1931-இல் லாகூரில் ஆசியப் பெண்களின் மாநாடு கூடுவதற்கும் அவரே முதற்காரணர். அன்று ஜெனீவாவில் இருந்த சர்வதேச சங்கம், அயல்நாட்டாரை மணந்த பெண்ணின் குடியுரிமை பற்றி ஆராய்ந்து வந்தது. மாதர் அமைப்புகளின் கருத்தைக் கேட்கக் குழு அமைந்தபோது, ஆசியப் பெண்களின் மாநாடும் அதில் இடம் பெற்றது. உலகச் சபையில் நம் பெண்களின் குரல் ஒலிக்கத் தொடங்கிய காலம் அது. பின்னர் 1948-இல் ஐக்கிய நாடுகள் மன்றம் மனித உரிமைப் பிரகடனம் இயற்றியபோது, ஆண்களை மட்டும் குறிப்பதாக இருந்த சொல்லை மாற்றி மனிதர் யாவரையும் குறிக்கச் செய்ததில் ஹன்சா மேத்தாவுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் அகில இந்திய மாதர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்.

அம்மையார் 1932-இல் அடக்குமுறைச் சட்டங்களைக் கண்டித்துப் பேசியதற்காக வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். பிறப்பால் வெள்ளையராயினும் ஆள்வோர் பக்கம் அவர் நிற்கவில்லை. இந்தியப் பெண்கள் தாமே தலைமை ஏற்க முன்வந்தபோது, அவர் மனமுவந்து விலகி வழிவிட்டார். இறுதி ஆண்டுகளில் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து, 1954-இல் அடையாற்றில் உயிர் நீத்தார். சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தோடு சேர்ந்து அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை.

அவர் தொடங்கிய பணி முடிந்ததா? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டம் கைம்பெண்ணையும் மகளையும் மகனோடு வாரிசாக்கிற்று. 1986-இல் ஆந்திரம் திருமணமாகாத மகளிர்க்குக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை அளித்தது. 2005-இல் நாடு முழுதும் மகளிர் யாவர்க்கும் அவ்வுரிமை வந்தது. 2015-இல் உலக நாடுகள் ஏற்ற 17 வளர்ச்சி இலக்குகளில் ஐந்தாவது, ஆண்-பெண் சமத்துவம். நிலவுரிமையும் அதில் அடக்கம். ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் எழுதியாயிற்று. வெதுருகுப்பத்தில் எழுத வேண்டியவர் யார்?

நண்பர்களே, சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியவர் நாமே. வரும் விடுமுறைக்கு ஊருக்குச் செல்கிறேன். என் பெயருக்கு மட்டும் பட்டா வேண்டாம். அன்னையார் பெயரும் தங்கையின் பெயரும் அதில் ஏற வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். உறவினர் முகம் சுளிக்கலாம். எங்கிருந்தோ வந்து நமக்காக வேலூர்ச் சிறையில் இருந்தவரை எண்ணும்போது, அது பெரிதன்று.