மசோதா காத்திருந்த 17 ஆண்டுகள்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



நாம் கிள்ளும் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, காயவைத்து, சலித்த பிறகுதான் தேயிலைத்தூள் கிடைக்கிறது. மசோதாவும் அப்படித்தான், பல படிகளைத் தாண்டித்தான் சட்டமாகும். அந்தப் படிகளில் ஏறிய ஓர் அம்மையாரின் கதை இது.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்வியாளர். தாய் சந்திரம்மாளோ, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கமுள்ள குலத்தில் பிறந்தவர். பொட்டுக் கட்டிய பெண்ணுக்குக் கல்யாணம் கிடையாது. அவளுடைய வாழ்க்கையைப் பிறரே தீர்மானித்தார்கள்.

பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு என்று ஊர் பேசிய காலத்தில், ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டரானார்.

1926-இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் உறுப்பினர் அவரே. சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார். ஆனால் தீர்மானம் அரசாங்கத்துக்குச் சொல்லும் யோசனைதான், சட்டம் ஆகாது.

வழக்கத்தை விட்டால் மானிய நிலம் போய்விடுமே என்ற பயம் பல குடும்பங்களைக் கட்டிப்போட்டிருந்தது. 1929-இல் அவருடைய முயற்சியால் வந்த சட்டத் திருத்தம், கோயில் ஊழியம் செய்யாமலே நிலத்தை அந்தப் பெண்களுக்கு உரிமையாக்கியது. வயிற்றுப்பாட்டுக்கு வழி செய்துவிட்டு, 1930-இல் பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. அதே ஆண்டு காந்தியடிகள் கைதானதும் பதவியைத் துறந்தார். மசோதா தூங்கிவிட்டது, அம்மையார் தூங்கவில்லை. அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்கு அவ்வை இல்லம் அமைத்தார். 1947-இல்தான் தடைச்சட்டம் நிறைவேறியது. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையும் கண்டு, 1968-இல் மறைந்தார்.

நம் மலேசியாவில் மசோதாவுக்கு மக்களவையில் மூன்று வாசிப்பு உண்டு. முதல் வாசிப்பில் தலைப்பு மட்டும், இரண்டாவதில் விவாதம், பிறகு குழுநிலையில் விதி விதியாக ஆராய்ந்து மூன்றாம் வாசிப்பு. அடுத்து மேலவை, மாமன்னர் ஒப்புதல், கடைசியில் அரசாங்கக் கெஸட்.

பிள்ளைகளே, ஒருமுறை கேட்டுக் கிடைக்கலைன்னா விட்டுடாதீங்க. பெற்றோர்களே, மகள் படிக்கணும் என்றால் தடுக்காதீர்கள். நாளை சட்டம் எழுதும் கை, இன்று பரிசு வாங்கும் கையாகவும் இருக்கலாம்.