மின்கலம் தந்த மேதை வோல்ட்டா

(பத்தாம் வகுப்பு மாணவி)

பொருநை பாயும் எங்கள் திருநெல்வேலிச் சீமைக்கு மின்னொளி புதிதன்று. பாபநாசத்து மலையில் விழும் நீரைக் கொண்டு 1944-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் எடுத்த மண் இது. நமக்கு ஒளி தந்த அதே தாமிரபரணி, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம்மை இருளில் ஆழ்த்தியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. சந்திப்புப் பேருந்து நிலையமும் வண்ணாரப்பேட்டையும் கொக்கிரகுளமும் வெள்ளக்காடாயின. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுவிட்டது. மின்சாரம் போயிற்று. கைப்பேசிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

அந்த இரவில் எங்களில் பலருடைய வீடுகளில் நடந்தது ஒரே கதைதான். டார்ச் லைட் இருந்தது. அதற்கு வேண்டிய பெரிய கட்டை இல்லை. சுவர்க் கடிகாரத்தில் பென்சில் கட்டை இருந்தது. அது டார்ச்சில் பொருந்தவில்லை. ரேடியோவுக்கு வேறு அளவு, டி.வி. ரிமோட்டுக்கு அதைவிட மெல்லியது. பல வகைக் கட்டைகள் கையில் இருந்தும் வீடு இருட்டாகவே கிடந்தது. தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்க வேண்டியதாயிற்று!

பள்ளி திறந்ததும் இதைப் பற்றி வெகு நேரம் பேசினோம். எங்கள் ஊர்ப் பேச்சில் கட்டை என்றும், பாடப்புத்தகத்தில் மின்கலம் என்றும் வழங்கும் அந்தச் சிறு உருளையை உலகுக்கு முதலில் தந்தவர் யார்? இக்கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் அறிந்துகொண்ட மாமேதையே அலெசாந்திரோ வோல்ட்டா.

பிறப்பும் இளமையும்

இத்தாலி நாட்டின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், அழகிய ஏரிக்கரையில் அமைந்த நகரம் கோமோ. அங்கே 1745-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் வோல்ட்டா பிறந்தார். தந்தை பிலிப்போ, தாய் மதலேனா. பக்தி மிக்க கத்தோலிக்கக் குடும்பம் அது. தந்தை தம் திருமணத்துக்கு முன் பல ஆண்டுகள் சேசு சபையில் பயிற்சி பெற்றவர். உறவினருள் பலர் குருக்களாகவும் கன்னியராகவும் இறைபணி செய்தனர்.

நான்கு வயது வரை குழந்தை பேசவில்லை. ஊமையோ, மந்த புத்தியோ என்று பெற்றோர் கலங்கினர். ஆனால் பேச்சு வந்த பின் அறிவும் ஆற்று வெள்ளம்போல் பெருகியது. ஏழு வயதளவில் தந்தையை இழந்த சிறுவனை உறவினர் வளர்த்தனர். பின்னர் கோமோவில் சேசு சபைக் குருக்கள் நடத்திய பள்ளியில் அவர் பயின்றார். 1923-இல் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கியதும் இதே சேசு சபைதான் என்று எண்ணும்போது நமக்கு உள்ளம் பூரிக்கிறது.

அவர் குருவாக வேண்டும் என்று ஆசிரியர்கள் விரும்பினர். வழக்கறிஞராக வேண்டும் என்று உறவினர் விரும்பினர். வோல்ட்டாவோ இயற்கையின் இரகசியங்களை ஆராய விரும்பினார். கத்தோனி என்ற நண்பர் தம்மிடமிருந்த கருவிகளையும் நூல்களையும் அவருக்குக் கொடுத்து உதவினார். பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெறாமலேயே, ஆராய்ச்சியால் உயர்ந்தவர் வோல்ட்டா.

ஆசிரியப் பணி

1774-ஆம் ஆண்டு கோமோ அரசுப் பள்ளியில் அவருக்குப் பணி கிடைத்தது. மறு ஆண்டே, மின்னூட்டத்தைத் திரும்பத் திரும்பத் தரவல்ல எலெக்ட்ரோபோரஸ் என்னும் கருவியை மேம்படுத்திப் புகழ் பெற்றார். 1776-இல் மஜ்ஜோரே ஏரியின் சதுப்பு நிலத்தில் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்து எரித்துப் பார்த்தார். அந்த வாயுவே மீத்தேன். இன்று நம் கிராமங்களில் சாண எரிவாயு அடுப்பில் எரிவது பெரும்பாலும் இதுவே.

1778-ஆம் ஆண்டு பாவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்பல்கலைக்கழகத்தோடு அவர் வாழ்வு பிணைந்திருந்தது.

தவளைக் கால் தந்த சர்ச்சை

பொலோனா நகரத்து மருத்துவப் பேராசிரியர் கால்வானி 1791-இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். பித்தளைக் கொக்கியில் மாட்டிய செத்த தவளையின் கால், இரும்பில் பட்டதும் துடித்தது! உயிரினத்தின் உடலிலேயே மின்சாரம் ஊறுகிறது என்று அவர் முடிவு செய்தார். ஐரோப்பா முழுவதும் தவளை பிடிக்கத் தொடங்கியது.

வோல்ட்டாவும் முதலில் அதை நம்பினார். ஆனால் நம்பியதோடு நின்றுவிடவில்லை. அதே சோதனையைத் தாமே பலமுறை செய்து பார்த்தார். இரண்டு வேறுபட்ட உலோகங்கள் இருக்கும்போது கால் நன்றாகத் துடித்ததைக் கவனித்தார். அப்படியானால் மின்சாரம் தவளையிலிருந்து வருகிறதா, உலோகங்களிலிருந்து வருகிறதா? தவளைக்குப் பதிலாகத் தம் நாக்கையே சோதனைக்கு உட்படுத்தினார். நாக்கின் நுனியில் தகரத் தாளையும், சற்று உள்ளே வெள்ளி நாணயத்தையும் வைத்து இரண்டையும் இணைத்தபோது புளிப்புச் சுவை தோன்றியது. பல உலோகங்களை இவ்வாறு இணைத்துப் பார்த்து, எந்த ஜோடி அதிக வலிமை தருகிறது என்று வரிசைப்படுத்தினார்.

கருத்து வேறுபட்டபோதும் வோல்ட்டா பகைமை பாராட்டவில்லை. இப்புதிய மின்சாரத்துக்குக் கால்வானியின் பெயரையே சூட்டினார். உடலிலும் மின்சாரம் உண்டு என்ற கால்வானியின் கருத்து பொய்யாகவில்லை. இன்று மருத்துவர்கள் இதயத் துடிப்பை வரைந்து பார்ப்பது அதைக் கொண்டுதான். அதுபோல, உலோகங்கள் தொட்டுக்கொள்வதாலேயே மின்சாரம் பிறக்கிறது என்று வோல்ட்டா எண்ணியதும் முழு உண்மையன்று. இரசாயன மாற்றமே காரணம் என்று பின்வந்தோர் நிறுவினர். மேதைகளும் பாதி வழிதான் நடக்கிறார்கள். மீதி வழியைப் பிறர் நடக்கிறார்கள்.

வெற்றி தந்த அடுக்கு

ஒரு ஜோடித் தகடு தரும் மின்சாரம் அற்பமானது. எனவே வோல்ட்டா அடுக்கத் தொடங்கினார். ஏறக்குறைய ஓர் அங்குல அகலமுள்ள வெள்ளி அல்லது செம்பு வில்லை, அதன் மேல் அதே அளவில் துத்தநாக வில்லை, அதன் மேல் உப்புநீரில் நனைத்த அட்டை. மறுபடியும் இதே வரிசை. இப்படித் தோசை அடுக்குவதுபோல் அடுக்கி, மேலும் கீழும் கை வைத்தபோது உடல் அதிர்ந்தது. அடுக்கு உயர உயர அதிர்ச்சியும் கூடியது. தொட்டவுடன் தீர்ந்துபோகும் பொறியாக இல்லாமல், தொடர்ந்து ஓடும் மின்னோட்டம் மனிதன் கைக்கு முதன்முதலாக வந்தது.

1800-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்ஸ் அவர்களுக்கு வோல்ட்டா ஒரு கடிதம் எழுதினார். எதையும் மறைக்காமல், செய்முறை முழுவதையும் அதில் விளக்கியிருந்தார். அதை அறிந்த நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் லண்டனில் நாணயங்களையும் துத்தநாகத்தையும் அடுக்கி, சில வாரங்களுக்குள்ளேயே தண்ணீரை இரு வாயுக்களாகப் பிரித்துக் காட்டினர். 1807-இல் ஹம்ப்ரி டேவி பொட்டாசியத்தையும் சோடியத்தையும் கண்டதும் மின்கல அடுக்கின் துணையால்தான். ஒருவர் பாவியாவில் செய்ததை மற்றொருவர் லண்டனில் அப்படியே செய்ய முடிந்ததே இதன் பெருமை!

புகழும் பணிவும்

1801-இல் நெப்போலியன் முன்னிலையில் பாரிசில் வோல்ட்டா தம் கருவியை இயக்கிக் காட்டினார். தங்கப் பதக்கம் கிடைத்தது. 1810-இல் பிரபுப் பட்டமும் வந்தது. ஆனால் அவர் வாழ்வு எளிமையாகவே இருந்தது. மனைவி தெரேசாவோடும் மூன்று புதல்வர்களோடும் இல்லறம் நடத்தினார். 1814-இல் இளம் புதல்வன் பிளாமினியோவை இழந்த துயரம் அவரை வாட்டியது. மறு ஆண்டு, அறிவியல் கற்றவர்க்குக் கடவுள் நம்பிக்கை ஏது என்று பலர் பேசிய காலத்தில், தாம் கத்தோலிக்க விசுவாசத்தில் உறுதியாய் நிற்பதை எழுத்திலேயே தெரிவித்தார். திருப்பலிக்குத் தவறாமல் செல்வதும், சிறுவர்க்கு ஞான உபதேசம் கற்பிப்பதும் அவர் வழக்கம்.

1819-இல் ஓய்வு பெற்று, கோமோ அருகேயுள்ள கம்னாகோ கிராமத்தில் தங்கினார். 1827 மார்ச் 5-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1881-இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு, மின்னழுத்தத்தை அளக்கும் அலகுக்கு அவர் நினைவாக வோல்ட் என்று பெயரிட்டது.

அளவில் வந்த ஒற்றுமை

வோல்ட்டாவின் ஈர அடுக்கை வெளியூருக்கு எடுத்துச் செல்ல முடியாது. 1866-இல் லெக்லாஞ்சே செய்த கலமும், 1886-இல் காஸ்னர் செய்த உலர் கலமும் அக்குறையை நீக்கின. ஆனால் தொழிற்சாலைகள் பெருகியபோது வேறொரு தொல்லை பிறந்தது. ஆளுக்கோர் அளவில் கலம் செய்தனர். ஒருவர் விளக்கில் மற்றவர் கலம் பொருந்தவில்லை. அதனால் அறிஞர்கள் கூடி அளவுகளை வரையறுத்தனர். இன்று பெரிய கட்டை ஆர் 20, நடுத்தரக் கட்டை ஆர் 14, பென்சில் கட்டை ஆர் 6, மிக மெல்லியது ஆர் 03 என்று உலகெங்கும் ஒரே கணக்கு. பென்சில் கட்டை எந்த நாட்டில் செய்யப்பட்டாலும் அதன் குறுக்களவு சுமார் 14.5 மி.மீ.தான்.

இங்கே நாங்கள் வியந்த செய்தி ஒன்று உண்டு. பெரிய கட்டைக்கும் பென்சில் கட்டைக்கும் மின்னழுத்தம் ஒன்றே: 1.5 வோல்ட். உள்ளிருக்கும் பொருள்களே அழுத்தத்தை முடிவு செய்கின்றன. பருமன் முடிவு செய்வது எவ்வளவு நேரம் உழைக்கும் என்பதை மட்டுமே. சதுரமான 9 வோல்ட் பேட்டரிக்குள் 1.5 வோல்ட் கலங்கள் ஆறு இருக்கின்றன. அது வோல்ட்டாவின் அடுக்கேயன்றி வேறென்ன?

நாம் செய்ய வேண்டியது

இதைக் கற்ற பின் எங்கள் வீடுகளில் ஒரு முடிவு செய்தோம். டார்ச், ரேடியோ, கடிகாரம் என எதை வாங்கினாலும், கூடுமானவரை பென்சில் கட்டையில் ஓடுவதாகவே பார்த்து வாங்குவோம். நாள்தோறும் பயன்படும் பொருள்களின் கட்டையே ஆபத்து நேரத்தில் டார்ச்சுக்குச் சேமிப்பாகும். கடிகாரம் ஒரு நாள் நின்றால் யாருக்கும் நட்டமில்லை. படிக்கட்டில் விளக்கு இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. பழைய பெரிய டார்ச்சையும் எறிய வேண்டாம். பென்சில் கட்டையை அதில் பொருத்தும் பிளாஸ்டிக் உறை உண்டு; அழுத்தம் ஒன்றே ஆதலால் விளக்கு எரியும்; நேரம்தான் குறையும்.

புதிய கட்டையோடு பழைய கட்டையைச் சேர்த்துப் போடலாகாது. வலு குறைந்தது விரைவில் தீர்ந்து கசியும். நெடுநாள் பயன்படாத பொருளிலிருந்து கட்டையைக் கழற்றி, ஈரம் படாத டப்பாவில் வைக்க வேண்டும். பொத்தான் போன்ற சிறு கலங்களைக் குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகி உயிருக்கே கேடு. அவற்றை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் மாதத்திலேயே எல்லாவற்றையும் ஒருமுறை எரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

விவிலியத்தில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். அறிவிலிகள் ஐவரிடமும் விளக்கு இருந்தது, எண்ணெய் இல்லை. அந்த டிசம்பர் இரவில் நாமும் அந்த ஐவரைப் போலத்தான் இருந்தோம். தம் வீட்டில் மட்டுமன்றி அண்டை வீட்டிலும் ஒரே அளவுக் கட்டை இருந்தால், அவர்கள் விளக்கு அணையும்போது நம்மிடமுள்ளதைக் கொடுக்கலாம். நம் விளக்கு அணையும்போது அவர்களிடம் கேட்கலாம். தாம் கண்டதை ஒளிக்காமல் உலகுக்கு வழங்கிய வோல்ட்டாவுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே. அடுத்த வெள்ளம் வரும்போது விளக்கோடும் விழிப்போடும் இருப்போமாக!