முன்சீப் வேலையும் பாட்டும்: வேதநாயகம் பிள்ளை காட்டும் வழி

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் 'பாடு' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊரே முறைவைத்துப் பிரித்துக்கொள்வதுதான் பாடு. பாடு உள்ள நாளில் உறக்கம் இல்லை. பாடு இல்லாத நாளில் வலையைச் சீர்செய்ய வேண்டும், கடனுக்கு வழி தேட வேண்டும். இதற்கு நடுவிலும் திருவிழாவுக்குப் பாட்டுக் கட்டுகிறவர்களும், நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கவிதை எழுதும் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். இதெல்லாம் சோறு போடுமா என்று வீட்டில் கேட்கிறோம். கடன் வாங்கி வலை வாங்கிய குடும்பத்தில் அது நியாயமான கேள்விதான்.

இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-இல் திருச்சிக்கு அருகே குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்தார். முப்பது வயதையொட்டித் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றி, 1872-இல் ஓய்வு பெற்றார். வழக்குக் கட்டுகளும் சாட்சி விசாரணையும் தீர்ப்பு எழுதுவதுமாகவே அவருடைய பகல் பொழுதுகள் கழிந்தன.

அப்படியானால் எப்போது எழுதினார்? வேலையை விட்டுவிட்டு அவர் எழுதப் போகவில்லை. முன்சீபாக இருந்த காலத்திலேயே, 1859-இல், நீதிநூல் வெளிவந்தது. தினமும் நீதிமன்றத்தில் கண்ட பொய்யும் லஞ்சமும் குடும்பச் சண்டையும் அவர் செய்யுள்களுக்குப் பொருளாயின. 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்தார். ஆங்கிலம் அறியாத எளிய மக்களும் சட்டம் தெரிந்துகொள்ள அது வழி செய்தது. பெண் கல்வியை வலியுறுத்தியும் நூல் எழுதினார். ஆக, அவருடைய அலுவல் எழுத்துக்குப் பொருள் தந்தது. எழுத்து அலுவலுக்கு இரக்கத்தைத் தந்தது.

நண்பர்களையும் அவர் தேடிக்கொண்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் கோபாலகிருஷ்ண பாரதியும் சைவ மரபினர், இவரோ கத்தோலிக்கர். தமிழும் இசையும் அவர்களைச் சேர்த்து வைத்தன. எல்லாச் சமயத்தாரும் பாடும்படி அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. தேவமாதாவின் மீது அந்தாதியும் பாடினார்.

1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் பசியால் மடிந்தபோது, அவர் ஏட்டோடு ஒதுங்கி இருந்துவிடவில்லை. தம் பொருளைக் கொடுத்துப் பசித்தோருக்கு உணவளித்தார். அந்தக் கொடையைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதி அவரைப் புகழ்ந்து பாடினார். 1879-இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். பல்லாண்டு நீதிமன்றத்தில் மனிதர்களைப் பார்த்துப் பழகிய அனுபவம் அக்கதையில் சிரிப்பாகவும் அறிவுரையாகவும் வெளிப்பட்டது. 1889-இல் இறைவனடி சேர்ந்தார்.

அன்பார்ந்தவர்களே, முன்சீப்பின் மேசையும் மீனவரின் படகும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். மாதச் சம்பளம் அவருக்கு இருந்தது. ஏரி தந்தால்தான் நமக்கு அடுப்பு எரியும். ஆகவே பாட்டுக்காக வலையைக் கைவிடச் சொல்லவில்லை. புனித பவுல் அடியாரும் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டுதான் நற்செய்தியை அறிவித்தார். ஆனால் பிழைப்பைக் காரணம் காட்டி, இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைத்துவிடவும் கூடாது. இறால் பொறுக்கும் கைகள் கண்ட வாழ்க்கையை, நீர் வற்றிய ஆண்டுகளின் துயரத்தை, வெளியூரிலிருந்து வருகிறவர் எழுத முடியுமா? நம் பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.

பாடு இல்லாத நாளில் ஒரு மணி நேரம் போதும். பிள்ளை எழுதியதைக் கிழித்துப் போடாமல், ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்போம். உழைக்கவும் பாடவும் நமக்கு வரம் தந்த இறைவன், இரண்டையும் அன்போடு ஏற்றுக்கொள்வாராக.